மாடி அறையின் கடைசி வழக்கு

ஜூன் 4

கனம் நீதிபதி அவர்களுக்கு,

வக்கீல் மைனா எழுதிக்கொள்வது. கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாரும் சாகவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் பேனா.

எங்கள் வானொலியில் ஞாயிறு மத்தியானம் "அந்த வயசு" என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன். இளமைக்கால நண்பர்கள் இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசவிடுவேன். யார் யாரையோ கூப்பிட்டுவிட்டேன். ஒருநாள் தயாரிப்பாளர் கேட்டார், "ஏம்மா, உங்களுக்கு அப்படி ஒரு ஆளே கிடையாதா?" என்று. எனக்குச் சுருக்கென்றது. கிடையாதா? என் நீதிபதி இருக்கிறாளே!

வாயேன். நமக்குச் சொல்ல என்ன குறைச்சல்? விடுதியில் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து அதில் ரொட்டி சுட்டோமே, கல்லூரிக்குப் போகும்போது நம் துணியெல்லாம் கருகின ரொட்டி வாசனை அடிக்குமே, அது போதாதா? சனிக்கிழமை சாயங்காலம் நம் விளையாட்டு நீதிமன்றம் கூடும்போது உன் இரும்புப் பெட்டிமேல் நீ ஏறி உட்காருவாய், தோளில் என் கறுப்புச் சால்வை, கையில் நிலவியல் வகுப்புக்காகப் பாறை உடைக்கிற உன் சுத்தியல். "அமைதி, அமைதி!" டொக் டொக். கீழறைக்காரி வந்து சண்டை போடுவாள். தூக்கத்தைத் திருடியதாக மின்விசிறிமேல் நான் வழக்குப் போட்டேன், சம்பவ நேரத்தில் மின்சாரமே இல்லை என்று நீ விடுதலை செய்தாய். உலகத்திலேயே விசிறிக்கு நியாயம் வழங்கிய ஒரே நீதிபதி நீதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, வார்டன் வழக்கு! நம் மாடி அறையின் கடைசி வழக்கு. என் வாதத்தை நினைத்தால் எனக்கே இன்னும் சிரிப்பு வருகிறது. அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வார்டன் இப்போது உங்கள் ஊரில்தான், தண்ணீர்த்தொட்டித் தெருவில், தங்கை மகளோடு இருக்கிறாராமே? யாரோ சொன்னார்கள். அவரைக் கண்டு ஓடி ஒளியாமல் ஒழுங்காகக் கிளம்பி வா.

எவ்வளவு கவலையில்லாமல் இருந்தோம், டி. இப்போது எனக்கு முழங்கால் வலி தவிர வேறு நிரந்தரத் துணை இல்லை.

உன்
மைனா


ஜூன் 15

மைனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அழைப்புக்கு நன்றி. வர இயலாது.

யாரும் சாகவில்லை என்று எழுதியிருந்தாய். அண்ணன் ஏப்ரலில் இறந்துவிட்டார். மருந்துக்கடையிலேயே, கல்லாவுக்குப் பின்னால், உட்கார்ந்த நாற்காலியில். உனக்குத் தெரிவிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணிக்குத்தான் தோன்றியது. "அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். அவர் ஏன் கேட்கவேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வார்டன் அறைக்குப் போய்ப் போன் செய்வாயே, யாருக்கு? அம்மாவுக்கு என்பாய். உன் வீட்டில் அப்போது போன் இருந்ததா?

பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. உன் குரலைக் கேட்டால் நான் நம்பிவிடுவேன். அது என் பழைய பலவீனம்.


ஜூன் 21

அன்புள்ள நீதிபதிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. அடுத்து செய்தி வாசிக்க வேண்டியிருந்தது. வேறொருத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டேன், தொண்டை சரியில்லை என்று.

அண்ணன் போனது ரொம்ப வருத்தம். யாராவது பக்கத்தில் இருந்தார்களா? கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற அந்த உயரமான நாற்காலியா? முதுகு வலிக்கிறது, மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே, கடைசிவரை மாற்றவே இல்லையா? இதற்குமேல் நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. உனக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் உளறியது.

போன் விஷயம்: பக்கத்து வீட்டில் போன் இருந்தது. அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவார்கள். இத்தனை வருஷம் கழித்து இதெல்லாம் எதற்கு? துக்கத்தில் மனசு எதையாவது தோண்டிக்கொண்டுதான் இருக்கும். நீ வேறு மண்ணைத் தோண்டியே சம்பளம் வாங்குகிறவள்.

நான் புறப்பட்டு வரட்டுமா? வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேசக்கூட மாட்டேன். சத்தியமாக.

மைனா


ஜூலை 2

மைனாவுக்கு,

வராதே.

அந்த நாற்காலியைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும்? எங்கள் கடைக்குள் நீ கால் வைத்ததே இல்லை. என் அண்ணனை நீ பார்த்தது மூன்று தடவை: என்னை விடுதியில் கொண்டுவந்து விட்ட அன்று, என்னைத் திரும்ப அழைத்துப்போக வந்த அன்று, அவர் கல்யாணத்தில். முதுகு வலியைப் பற்றி அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போனபிறகு நானும் அண்ணியும் அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி சிரித்தார். அத்தனை நாளில் முதல் சிரிப்பு அது.

"நீ காலேஜ்ல மீசை வெச்சுக்கிட்டு இன்ஸ்பெக்டரா நடிச்சியாமே? உன் சிநேகிதி தன் முடிய வெட்டித்தான் மீசை பண்ணிக் குடுத்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அண்ணனுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"அட, உனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணுதான் வாராவாரம் போன் பண்ணுவாளே. ஞாயித்துக்கிழமை பாதி ஷட்டர இறக்கிட்டு உள்ள உக்காந்திருப்பாராம். கல்யாணமான புதுசுல அவரே சொன்னாரு. நான்தான், இனிமே வேணாம்ங்கன்னு சொன்னேன்."

ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி தொடர்ந்து பேசினார்: "அந்தத் தீவு வேலையப் பத்திகூட அவ சொல்லித்தானே இவரு ஓடி வந்தாரு? நீ அதையெல்லாம் இப்ப மனசுல வெச்சுக்காத. நல்லதுக்குத்தானே செஞ்சாங்க."

தீவு உனக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷ நில ஆய்வு. குழுவில் நான் ஒருத்திதான் பெண். பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்ன அன்று நாம் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதோம், சந்தோஷத்தில். போய்ச் சேர்ந்தபிறகு வீட்டுக்குச் சொல்லலாம் என்பது உன் யோசனைதான். விடுதியைக் காலி செய்ய வார்டன் கையெழுத்து வேண்டும் என்பதால் அவருக்குச் சொன்னேன். ஆக, விடுதியில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அண்ணன் வந்து நின்றார், தீவு விஷயம் எல்லாம் தெரிந்து. "அம்மா படுத்த படுக்கையா இருக்கா. உன்னைத்தான் கேக்குறா." நான் போய்ப் பார்த்தபோது அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார், லேசான காய்ச்சலோடு. குழு எனக்காகக் காத்திருக்கவில்லை. அதன்பிறகு அம்மாவுக்கு நிஜமாகவே உடம்புக்கு வந்தது, எனக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது, இங்கேயே இருந்துவிட்டேன். மற்றவர்கள் வீடு கட்டுவதற்கு மண் தாங்குமா தாங்காதா என்று சொல்கிறேன். மோசமான வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் தேர்ந்தெடுத்ததல்ல.

அண்ணன் வந்த அன்று சாயங்காலம், அவர் கீழே பார்வையாளர் அறையில் இருக்கும்போது, நாம் நீதிமன்றம் கூட்டினோம். வார்டன்மேல் வழக்கு: வேவு பார்த்தது, வீட்டுக்குத் தகவல் சொன்னது. அரசுத் தரப்பு வக்கீல் நீ. என்ன பேச்சு பேசினாய்! "தன் இளமை காய்ந்துபோனதால் அடுத்தவர் இளமையில் வெந்நீர் ஊற்றுகிற பெண்" என்றாய். நான் அழுகையும் சிரிப்புமாகச் சுத்தியலைத் தட்டினேன். மறுநாள் காலையில் வாசலில் நின்ற வார்டன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போனேன்.

சந்தேகப்படுவதைத் தொழிலாகவே செய்கிறவள் நான். தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்றால் இரண்டு பேரையும் விசாரித்திருக்கவேண்டும். ஒருவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு இன்னொருவருக்கு வக்கீல் அங்கி போட்டுவிட்டேன்.

இன்னொன்று. அண்ணன் வந்த அன்று காலையில் இஸ்திரிப் பெட்டியில் நீ ரொட்டி சுடவில்லை. உன் நீலப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். தலைக்குக் குளித்திருந்தாய். என்னை வழியனுப்பத்தான் என்று நினைத்தேன். ஆனால் நான் புறப்பட வேண்டியது மறுநாள் அல்லவா?

அந்த மூன்று வருஷங்கள் மட்டும்தான் என் சொந்தச் சொத்து என்று நினைத்திருந்தேன், மைனா. மற்றதெல்லாம் வீட்டுக்குச் செய்தது, அம்மாவுக்குச் செய்தது, ஆபீசுக்குச் செய்தது. எதுவும் வேண்டாம் என்று தோன்றும்போதெல்லாம் மனசுக்குள் அந்த அறைக்குப் போய்விட்டு வருவேன். இப்போது போனால், மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.


ஜூலை 9

நீதிபதி அம்மாவுக்கு,

ஆமாம், பேசினேன். வாராவாரம் பேசினேன். போதுமா?

உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, படியில் பெட்டியை வைத்துவிட்டு அவர்தான் கேட்டார்: "எப்பவாவது ஒரு போன் பண்ணி இவ நல்லா இருக்காளான்னு சொல்லும்மா. இவ வாயத் திறக்க மாட்டா." ஒரு தடவைதான் செய்வதாக இருந்தேன். நீ ரொட்டி சுட்டதைச் சொன்னேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. சிரித்து முடித்துவிட்டு "அப்புறம்?" என்றார்.

உனக்கு அது என்ன என்று தெரியாது. நான் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் "போதும்டி" என்பார்கள். வகுப்பில் "போதும் மைனா." நீகூடப் பாதியில் புத்தகத்தைப் பிரித்துவிடுவாய். என் வாழ்க்கையில் "அப்புறம்?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். இன்றைக்கு ஊரே என் பேச்சைக் கேட்கிறது. யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நான் என்ன கோள் மூட்டினேன்? நீ ஆற்றில் படகு ஓட்டினாய், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனாய், மீசை வைத்து நடித்தாய். எதற்காவது அவர் உன்னைத் தடுத்தாரா? ஒரு கேள்வி கேட்டாரா? நான் சொன்ன விதம் அப்படி. உன் சந்தோஷத்துக்கெல்லாம் நான்தான் ஜாமீன் நின்றேன். நீ சுதந்திரமாகத் திரிந்தாயே, அது எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?

தீவு விஷயம் வாய் தவறி வந்துவிட்டது.

நீலப் புடவையைப் போய் ஏன் நினைவில் வைத்திருக்கிறாய்? அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "தங்கச்சி எங்க?" என்றார், அவ்வளவுதான். அவர் கல்யாணத்தில் நான் சாப்பிடாமல் கிளம்பியதற்கு ஜுரம் என்று சொன்னேன். அதையும் நீ நம்பினாய். எதையும் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள், எதிரில் இருக்கிறவள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். அவர் வந்து இரண்டே வாக்கியம் சொன்னார். நீ பெட்டியைக் கட்டினாய். "நான் போகமாட்டேன்" என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? விசிறிக்காக அவ்வளவு வாதாடினவள், உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் நான்தான் குற்றவாளியா?

நீ வந்தாலும் வராவிட்டாலும் நிகழ்ச்சி உண்டு. தனியாகவே பேசுவேன். ரொட்டியும் உண்டு, விசிறியும் உண்டு, வார்டனும் உண்டு. அந்த அறையில் பாதி என்னுடையது.

மைனா


ஆகஸ்ட் 8

நீதிபதிக்கு,

போன கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்ட உடனே கையை உள்ளே விட்டு எடுக்கலாமா என்று பார்த்தேன். வளையல் மாட்டிக்கொண்டது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

பதிலே இல்லை. நிகழ்ச்சி இந்த மாதம் கடைசி ஞாயிறு. நேரடி ஒலிபரப்பு, அதனால் நான் பேசப்பேசப் போய்விடும், திருத்தமுடியாது. வார்டன் கதை வேண்டாம் என்றால் சொல், விட்டுவிடுகிறேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது, டி.

மைனா


ஆகஸ்ட் 19

மைனாவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை. அது உண்மை. அதை உன் கணக்கில் எழுதமாட்டேன். இந்த ஒரு மாதமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது, இது சுலபமாக இல்லை.

போன வாரம் தண்ணீர்த்தொட்டித் தெருவுக்குப் போனேன். இத்தனை வருஷமாக ஒரே ஊரில் இருந்திருக்கிறோம். அந்தத் தெரு மண்ணை நானே ஒருமுறை பரிசோதித்திருக்கிறேன். கதவைத் திறந்த தங்கை மகள், "பெரியம்மா, யாரோ உங்க பழைய ஸ்டூடண்டாம்" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

வார்டன் கட்டிலில் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. இடுப்பில் சாவிக்கொத்து மட்டும் அப்படியே இருக்கிறது, பூட்டுவதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர்தானே? மீசை எங்க?"

"எடுத்துட்டேன் மேடம்."

"நல்ல காரியம் பண்ணே. அது ஒரு பக்கம் தொங்கிட்டே இருந்துச்சு."

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன், தீவு விஷயத்தை வீட்டுக்குச் சொன்னது அவர்தான் என்று நினைத்திருந்தேன் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே. என்மேல கேஸ் நடத்தினீங்களே."

"மேடம்?"

"உங்க ரூம் கதவு என்ன, கோட்டைக் கதவா? ஒட்டுப்பலகைதானே. வெளிய நின்னு முழுசா கேட்டேன். வக்கீலம்மா நல்லாத்தான் பேசினா. இளமை காஞ்சுபோச்சுன்னா. அப்ப எனக்கு வயசு உனக்கு இப்ப இருக்கறத விடக் கம்மி, தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் மேலே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்க அண்ணன்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமான்னு உன்கிட்ட கேக்கத்தான். அந்த மனுசன் கெட்டவரா தெரியல. பயந்தவரா தெரிஞ்சாரு. தங்கச்சியத் தனியா கடல் தாண்டி அனுப்பணுமான்னு பயம். எடுத்துச் சொன்னா கேட்டிருப்பாரோ என்னமோ. கையெழுத்துப் போட்ட சீட்டகூடக் கையிலதான் வெச்சிருந்தேன். உள்ள சுத்தியல் சத்தம். தீர்ப்பு சொல்லியாச்சு. அதுக்கப்புறம் குற்றவாளி உள்ள வந்து என்ன சொல்றது?"

"மைனா போன் பண்ணது உங்களுக்குத் தெரியும்தானே? உங்க அறையிலிருந்துதானே பேசுவா? அதையாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லி நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டேன்.

இதை உன்னைத் தண்டிக்க எழுதவில்லை. நடந்தது உனக்கும் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். "வாய் தவறி வந்துவிட்டது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். உன் கடிதங்களிலேயே மிகச் சிறிய பத்தி அதுதான். நீ வாய் தவறிப் பேசி நான் பார்த்ததில்லை, மைனா. பெரிய விஷயம் ஒன்று நடந்தால்தான் அவர் நேரில் வருவார் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். அந்த வயதில் அது ஒரு பெரிய ஆசை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீ அதற்கு விலையாகக் கொடுத்தது உன்னுடையது அல்ல.

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். சாவிக்கொத்துச் சத்தம் படியில் கேட்டால் நாம் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவோம். உன் காது எப்போதும் என் காதைவிடக் கூர்மை. அன்று நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நீ கதவைப் பார்த்து நின்று வாதாடிக்கொண்டிருந்தாய். உனக்குச் சத்தம் கேட்டதா? இதற்கு மட்டும் பதில் எழுதாதே. எது வந்தாலும் என்னால் வைத்துக்கொள்ள முடியாது.

நீ சொன்னபடி அந்த அறையில் பாதி உன்னுடையது. மறுக்கவில்லை. என் பாதியில் இப்போது என்ன மிச்சம் என்று பார்த்தேன். ரொட்டி வாசனை இருக்கிறது. விசிறி இருக்கிறது. அந்த விசிறித் தீர்ப்பு ஒன்றுதான் நான் வழங்கிய சரியான தீர்ப்பு.

கிளம்பும்போது வார்டன் ஒன்று சொன்னார். ஞாயிறு மத்தியானம் உன் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பாராம். முதல் நாளே குரலை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாராம். "என் ரூம்ல நின்னு போன்ல பேசுவாளே, அதே குரல். கொஞ்சம்கூட மாறல. நல்லா பேசுறா, பாவம்" என்றார். கடைசி ஞாயிறு உன் விடுதி நாட்களைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று சொன்னேன். மகிழ்ந்துபோனார். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த ரேடியோவைத் தட்டிக்காட்டி, "நீயும் வாயேன், சேர்ந்து கேக்கலாம்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வார்டன் கதையை விடவேண்டுமா என்று கேட்டிருந்தாய். அதை நான் சொல்லமாட்டேன். எதைச் சொல்வது, எதை விடுவது, யார் பெயரைச் சொல்லிச் சிரிக்கவைப்பது என்பதெல்லாம் எப்போதும் நீயே முடிவு செய்ததுதானே? இந்தத் தடவையும் நீயே முடிவு செய். மறுமுனையில் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.